தோட்டம் ஊருக்கு... தண்ணீர் ஊற்றுவது யார்?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் வண்டிகளைக் கொஞ்சம் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். மேலிருந்து சாமை இறங்குகிறது, புளி இறங்குகிறது, தேன் இறங்குகிறது, சீசன் வந்தால் கூடை கூடையாகச் சீத்தாப்பழம் இறங்குகிறது. கீழேயிருந்து ஏறுவதில் தக்காளியும் கத்தரிக்காயும் உண்டு. ஒரு மலை முழுக்க விவசாயிகள் இருந்தும், சாம்பாருக்குப் போடும் காய் வளைவு வளைவாகச் சுற்றி, டீசல் குடித்து மேலே போகிறது.

சாம்பார் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், மறு ஆண்டு ஆகஸ்ட்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, பட்டியலில் எது இருந்தாலும் கூடவே காய்கறி சாம்பார் உண்டு. கிராமப் பள்ளிகளில் அதைச் சமைப்பவர்கள் அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். மதியத்துக்குச் சத்துணவு. உண்டு உறைவிடப் பள்ளி என்றால் இரவுக்கும் அடுப்பு எரிய வேண்டும். ஆக, ஜவ்வாது மலையில் ஒவ்வொரு பள்ளி நாளும் காய்கறிக்குத் தேவை இருக்கிறது. தேவைப்படும் காயை ஊரே சேர்ந்து ஒரு பொதுத் தோட்டத்தில் விளைவித்தால் என்ன?

இந்தக் கேள்வி புதிதல்ல. பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் போடுவதற்கு 2019-ம் ஆண்டே மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அங்கன்வாடி தோட்டம், மகளிர் குழு தோட்டம், பஞ்சாயத்து தோட்டம் என்று பெயர் மாறி மாறித் திட்டங்கள் வந்தபடிதான் இருக்கின்றன. திறப்பு விழா அன்று எல்லாத் தோட்டமும் அழகுதான். சித்திரையில் போய்ப் பார்க்க வேண்டும். வேலி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், பாத்தி வெடித்திருக்கும், பெயர்ப் பலகை மட்டும் பளபளவென்று நிற்கும். அதில் இருக்கும் லோகோக்களை எண்ணினால் சில இடங்களில் செடியைவிட அதிகமாக இருக்கும்.

இதற்கு மண்ணையோ விதையையோ குற்றம் சொல்ல முடியாது. ஊர்த் தோட்டம் காய்ந்துபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அதை ஆரம்பித்தவர்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கும் குழுக்களிடம் "உதவி செய்யுங்கள்" என்று கேட்டிருப்பார்கள். "உங்களுக்கு என்ன தேவை, அதில் எதை இந்தத் தோட்டம் கொடுக்கும்?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். உதவி ஒரு தடவை கிடைக்கும். தேவை இருந்தால்தான் ஆள் அடுத்த வாரமும் வருவார்.

கொல்லிமலையில் நடந்தது

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் வாழ்கிறார்கள். அதே கிழக்குத் தொடர்ச்சி மலை, அதே சாமை. 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் அந்த மலையில், கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த ஒரு கதை, ஊர்க் குழுக்களை எப்படிச் சேர்ப்பது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல பாடம். அது காய்கறித் தோட்டத்தில் தொடங்கியதல்ல, விதையில் தொடங்கியது. ஆனால் சிக்கல் இதே சிக்கல்தான்.

சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு என்று விதவிதமாகப் பயிரிட்டுக்கொண்டிருந்த மலை அது. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் பெருகியதும் மரவள்ளி மலையேறியது. மரவள்ளி போட்டால் கைக்குப் பணம் வருகிறது. சாமை போட்டால் வீட்டுக்குச் சோறு வருகிறது, ஆனால் அந்தச் சோறு லேசில் வருவதில்லை. சாமையின் உமி கெட்டியானது. உரலில் போட்டு இடித்து, புடைத்து, மறுபடி இடித்து, மறுபடி புடைக்க வேண்டும். அந்த வேலை முழுக்கப் பெண்கள் தலையில். ரேஷன் அரிசி வந்த பிறகு, பகலெல்லாம் காட்டில் உழைத்துவிட்டு வந்து சாமை இடிக்க யாருக்குத்தான் தெம்பு இருக்கும்?

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் கொல்லிமலைக்கு வந்தது. நோக்கம், அழிந்துவரும் சிறுதானிய ரகங்களைக் காப்பது. சேகரித்துக் குளிரூட்டிய அறையில் வைத்தால் விதை பிழைத்துக்கொள்ளும். ஆனால் மலையில் அதை விதைக்க ஆள் இருக்காது. ரகம் பிழைக்க வேண்டுமென்றால் அதைச் சமைப்பவருக்கு அது பிடிக்க வேண்டும், சமைப்பவருக்குப் பிடிக்க வேண்டுமென்றால் இடிக்கும் வேலை குறைய வேண்டும்.

இங்கேதான் திருப்பம். பெண்கள் குழுக்களுக்குத் தேவைப்பட்டது விதை பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம் அல்ல. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஓர் இயந்திரம். உமி நீக்கும், மாவு அரைக்கும் சிறிய ஆலைகள் ஊர்ப்பக்கமே வந்தன. அவற்றை நடத்தும் பொறுப்பு மகளிர் குழுக்களிடம் வந்தது. இடிக்கும் பாடு குறைந்த இடத்தில் சாமைக்கு மறுபடி அடுப்படியில் இடம் கிடைத்தது. மிச்சத்தை மாவாகவும் அரிசியாகவும் பொட்டலமிட்டு விற்கவும் முடிந்தது. இன்னொரு பக்கம், ஊர் விதை வங்கிகள் வந்தன. பணம் கொடுத்து விதை வாங்க வேண்டியதில்லை. வாங்கிய விதையை அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்பித் தந்தால் போதும். கடன் வாங்கி நெல் திருப்பிக் கொடுத்துப் பழகிய ஊர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

காத்தல், பயிரிடல், உண்ணல், விற்றல் என்று நான்கையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான் அந்த முயற்சியின் சூட்சுமம். ஒன்று அவிழ்ந்தாலும் மற்ற மூன்றும் நிற்காது. உழவர் குழு, பெண்கள் குழு, விதை காக்கும் குழு என்று தனித்தனியாக இருந்தவை 2009-ல் ஒரு கூட்டமைப்பாக ஒன்றுசேர்ந்தன. பிறகு 2011 முதல் 2014 வரை கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து நடந்த திட்டத்தில் வீட்டுத் தோட்டங்களும் சேர்ந்துகொண்டன.

மரவள்ளி ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. இன்றைக்கும் கொல்லிமலையில் மரவள்ளி இருக்கிறது. பணம் தரும் பயிரை யாரும் அறிவுரைக்காகக் கைவிட மாட்டார்கள், கைவிடவும் வேண்டியதில்லை. ஆனால் சாமை மறக்கப்படவில்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் தங்கள் தேவையை (விதை காக்க வேண்டும்) ஊர்ப் பெண்களின் தேவையோடு (இடிக்கும் வேலை குறைய வேண்டும்) முடிச்சுப் போட்டார்கள். அந்த முடிச்சுதான் இத்தனை ஆண்டு தாங்கியது.

ஜவ்வாது மலைக்கும் இப்படி வந்துபோனவர்கள் உண்டு. அதே 2011-14 காலகட்டத்தில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடும் கனடாவின் மெனோனைட் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து நடத்திய சிறுதானியத் திட்டத்தில் ஜவ்வாது மலையும் ஓர் இடம். அடிவாரத்தில், திருவண்ணாமலைக்கு அருகே அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. 2019-ல் வெளியான ஏ.டி.எல்.1 என்ற சாமை ரகத்தின் பெயரிலேயே அந்த ஊர் இருக்கிறது. மலையிலேயே பழங்குடி விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனம் உண்டு. சாமைக்கு இத்தனை கூட்டாளிகள். கீரைக்கும் கத்தரிக்கும்தான் ஆள் இல்லை.

53 குடம்

முதல் கூட்டாளி யார் என்று கேட்டால் எல்லோரும் வேளாண் துறை, தொண்டு நிறுவனம் என்று மேலே பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது குடத்தை.

ஒரு சின்னக் கணக்கு. 5 சென்ட் தோட்டம் என்றால் சுமார் 200 சதுர மீட்டர். கோடையில் ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 800 லிட்டர். 15 லிட்டர் குடம் என்றால் 53 குடம். தினமும். இதை யார் சுமப்பார்கள்? "ஊரே சுமக்கும்" என்று தீர்மானம் போடலாம். நிஜத்தில் சுமக்கப்போவது மூன்று நான்கு பெண்கள். வீட்டுத் தண்ணீர், மாட்டுத் தண்ணீர், இப்போது தோட்டத்துத் தண்ணீர். ஒரு மாதம் சுமப்பார்கள். அப்புறம் அவர்கள் நிறுத்தினால் அது சோம்பல் ஆகாது, புத்திசாலித்தனம்.

அதனால் ஊர்த் தோட்டம் எங்கே அமையவேண்டும் என்பதைப் புறம்போக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. வீணாகும் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். அப்படித் தேடினால் பெரும்பாலும் போய் நிற்கும் இடம் பள்ளிக்கூடம், விடுதி, அல்லது ஊர் மேல்நிலைத் தொட்டி. கை கழுவும் தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், தட்டு அலசிய தண்ணீர், தொட்டி வழிந்து சேறாகும் தண்ணீர். நூறு பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில் ஒரு நாளைக்கு இப்படிப் போகும் தண்ணீரைக் கொஞ்சம் மணலும் கரியும் போட்டு வடித்துத் திருப்பினால் குடத்துக்கு வேலை குறையும். சோப்புத் தண்ணீர் அதிகம் சேருமானால் கீரைப் பாத்தியில் விடாமல் வாழைக்கும் பப்பாளிக்கும் விட்டுவிடலாம்.

இங்கே பள்ளிக்கு என்ன லாபம்? பள்ளி வளாகத்துச் சேறும் கொசுவும் போகும். அடுப்படிக்குக் கீரை வரும். தலைமையாசிரியரிடம் "சமூக சேவைக்காக இடம் கொடுங்கள்" என்று கேட்பதற்கும், "உங்கள் கழிவுநீர்ப் பிரச்னையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வாரத்தில் இரண்டு நாள் கீரையும் தருகிறோம்" என்று கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா?

அந்த "இரண்டு நாள்" முக்கியம். சமையல் பொறுப்பாளருக்குத் தேவை நிச்சயம். சின்னத் தோட்டத்தில் ஒரு வாரம் கத்தரி கொட்டும், மூன்று வாரம் ஒன்றும் இருக்காது. எல்லாக் காயையும் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவது மாதத்தில் கை விரித்தால், அவர் பழையபடி கீழேயிருந்து வரும் வண்டிக்கே போய்விடுவார். மறுபடி திரும்பி வரமாட்டார். முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை, பப்பாளி என்று எது ஆண்டு முழுக்கத் தாக்குப்பிடிக்குமோ அதற்கு மட்டும் வாக்குக் கொடுப்பது நல்லது. தக்காளி காய்த்தால் அது போனஸ்.

கீரை என்றால் சாதாரணமாகத் தோன்றலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லை. இது மாநிலச் சராசரி. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, ஒருவர் நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி சாப்பிடச் சொல்கிறது. ரேஷன் அரிசியும் ரசமுமாக நகரும் வீட்டில் 400 கிராம் காய்கறி என்பது கல்யாண வீட்டுக் கணக்கு. ஜவ்வாது மலையில் நீண்ட காலமாக மருத்துவப் பணி செய்துவரும் வேலூர் சி.எம்.சி.யோ, ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரோ ஒரு கர்ப்பிணியிடம் "கீரை சாப்பிடும்மா" என்று சொல்லும்போது, அந்தக் கீரை எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடிந்தால் அந்த அறிவுரைக்கே மதிப்புக் கூடும். அவர்களுக்கும் தோட்டம் தேவைதான். யாரும் போய்ச் சொல்லவில்லை, அவ்வளவே.

மாட்டுக்காரரை மறந்தால்...

ஊர்த் தோட்டத்துக்குப் பெரிய எதிரி பூச்சி என்று நினைத்தால் அது தவறு. பன்றியும் மாடும்தான்.

மானாவாரி ஊர்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பயிர் நிற்கும்வரை மாட்டைப் பிடித்துக் கட்டுவார்கள். அறுவடை முடிந்ததும் அவிழ்த்து விடுவார்கள். அதன்பிறகு காடெல்லாம் பொது மேய்ச்சல். தாளைத் தின்ற மாடு சாணத்தைப் போட்டுவிட்டுப் போகும். சாமைக்கு இது சரியான ஏற்பாடு, ஆண்டுக்கு ஒரு போகம்தானே. ஆனால் தோட்டம் பங்குனியிலும் பச்சையாக நிற்கும். ஊரில் பச்சையாக இருக்கும் ஒரே இடம் அதுதான் என்றால், மாடு வேறெங்கே போகும்? மாட்டுக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவருடைய வழக்கம் தோட்டத்தைவிட வயதில் மூத்தது.

இதைத் தீர்க்க வேலி மட்டும் போதாது, ஊர்க் கவுண்டரும் பெரியவர்களும் உட்கார்ந்து பேச வேண்டும். மலையாளி ஊர்களில் இன்றைக்கும் அந்த வார்த்தைக்கு மரியாதை இருக்கிறது. பேசும்போது மாட்டுக்காரருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். வேலியோரம் அகத்தி, சூபாபுல் நட்டால் ஆட்டுக்குத் தழை. களை பறித்ததும் முற்றிய கீரைத் தண்டும் மாட்டுக்கு. பதிலுக்கு அவரிடமிருந்து எரு. இந்தப் பண்டமாற்று ஒழுங்காக நடந்தால் அவரே தோட்டத்துக்குக் காவல்.

பன்றிக்குப் பெரியவர் பேச்சு புரியாது. அங்கே வனத்துறை வேண்டும். மலையில் காட்டையும் ஊரையும் பிரித்துப் பார்க்க முடியாது. வனத்துறையே இங்கே சில பழங்குடியினர் பள்ளிகளை நடத்துகிறது என்பது கீழே இருக்கும் பலருக்குத் தெரியாத செய்தி. ஜப்பான் கடனுதவியுடன் 1997-ல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தின்போது ஊர்தோறும் வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. சில ஊர்களில் அவை உயிரோடு இருக்கின்றன, சில ஊர்களில் ரப்பர் ஸ்டாம்ப்பாக மட்டும் இருக்கின்றன. உயிரோடு இருக்கும் ஊரில் உயிர்வேலிக்குக் கிளுவைக் கொம்பு, நாற்றங்காலிலிருந்து நெல்லி, முருங்கைக் கன்று என்று தொடங்குவது எளிது.

வனத்துறைக்கு என்ன தேவை? இதைச் சொல்லும்போது ஒரு தேதியைத் தாண்டிப் போக முடியாது. 2015 ஏப்ரல் 7. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி நடத்தப்பட்ட துப்பாக்கிச்சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் செத்துப்போனார்கள். ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். சாமை அறுத்து முடிந்தால் மலையில் வேலை இல்லை. ஏஜென்ட் வருகிறார், முன்பணம் நீட்டுகிறார். 5 சென்ட் கீரைத் தோட்டம் அந்த முன்பணத்துக்கு ஈடாகாது. அப்படிச் சொன்னால் அது ஏமாற்று. ஆனால் கோடையில் மலையில் நடக்கும் ஒவ்வொரு சின்ன வேலையும், ஒவ்வொரு சின்ன வருமானமும், வெளியூர் வண்டியில் ஏறாமல் இருக்க ஒரு காரணம். காட்டுக்குக் காவல் நிற்கும் துறைக்கு இது தெரியாததல்ல.

நிலம் பற்றியும் ஒரு வார்த்தை. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபை பரிந்துரைத்தால் பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், குளம், சிறு பாசன வாய்க்கால் போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. அந்தப் பட்டியலில் தோட்டம் இல்லை. குளம் இருக்கிறது. எனவே தோட்டத்தை ஊர் நிலத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு மேலே குளத்துக்கு முயற்சி செய்வதுதான் வழி. ஆர்வத்தில் காட்டோரம் பாத்தி கட்டிவிட்டு, பிறகு வழக்கு, அபராதம் என்று அலைவது யாருக்கும் நல்லதல்ல.

பெண்கள் குழு என்றால் இலவச ஆள் அல்ல

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில்தான் பிறந்தது. ஜவ்வாது மலைக்கு அந்த மண் ரொம்ப தூரமில்லை. இன்று எந்த ஊரிலும் எழுதப் படிக்க நோட்டு, வங்கிக் கணக்கு, வாரக் கூட்டம் என்று ஒழுங்காக நடப்பது அந்தக் குழுதான். அதனாலேயே எந்தத் திட்டம் வந்தாலும் அவர்கள் தலையில் போய் விழுகிறது. டெங்கு விழிப்புணர்வா, குழுவைக் கூப்பிடு. மரம் நடுவதா, குழுவைக் கூப்பிடு. தோட்டத்துக்கும் அப்படியே கூப்பிட்டால் அவர்கள் வருவார்கள், மரியாதைக்கு.

கேரளத்தில் இதை வேறு மாதிரி செய்தார்கள். 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில், நாலு முதல் பத்துப் பெண்கள் வரை ஒரு கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். குழுவின் பெயரில் வங்கிக் கடன். விளைச்சல் அவர்களுடையது. பஞ்சாயத்து தரிசு நிலத்தைக் காட்டிக் கொடுக்கிறது. இதில் "சேவை" என்ற பேச்சே இல்லை. குத்தகை எத்தனை ஆண்டு, யார் பெயரில் என்பது எழுத்தில் இருக்கிறது. தரிசைத் திருத்தி, எரு போட்டு, மூன்றாம் ஆண்டு மண் கனிந்து வரும்போது "நிலத்தைத் திருப்பிக் கொடு" என்று கேட்கப்பட்டால் எந்தக் குழுவும் மறுபடி மண்வெட்டி எடுக்காது. அந்தப் பயம் இல்லாமல் இருந்தால்தான் எரு போடுவார்கள்.

ஜவ்வாது மலை ஊரில் இது எப்படி இருக்கலாம்? தோட்டத்தின் ஒரு பகுதி விளைச்சல் அங்கன்வாடிக்கு. மீதி குழுவுக்கு, அதை அவர்கள் பள்ளிக்கு விற்கலாம், சந்தைக்குப் போகலாம், வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எவ்வளவு பங்கு என்பதை விதைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். காய்த்த பிறகு பங்கு பேசினால் சண்டை வரும், அது எந்த ஊரானாலும். இன்னொரு வசதி, காலை உணவு சமைக்கும் பெண்களும் அதே குழுக்களிலிருந்து வருபவர்கள். விளைவிப்பவரும் வாங்குபவரும் ஒரே தெரு. விலை பேசத் தரகர் வேண்டாம், "நாளைக்கு என்னக்கா இருக்கு?" என்று ஒரு போன் போதும்.

பழங்குடியினருக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், மலையில் எல்லோரும் சொல்வதுபோல் லேம்ப்ஸ், இன்னொரு கதவு. கடனுக்கும் காடுபடு பொருள் விற்பனைக்கும் ஏற்கெனவே மக்கள் அங்கே போய் வருகிறார்கள். காய்கறியை வாங்கி விற்கச் சொல்லி அதனிடம் கேட்பது வீண் வேலை. அழுகும் பொருளைத் தொட எந்தச் சங்கமும் யோசிக்கும். ஆனால் விதை, சொட்டுநீர்க் குழாய்க்குக் கடன், காய வைத்த முருங்கை இலைப் பொடி என்று கெடாத விஷயங்களைப் பேசலாம்.

நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் முதற்கட்டமாகத் தொடங்கியபோது, தமிழ்நாட்டிலிருந்து தேர்வான 6 மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. மண் வரப்பு, பண்ணைக்குட்டை என்று அந்த வேலை எப்படி நடக்கும் என்பது மலை ஊர்களுக்கு நன்றாகவே தெரியும். ஊரக வேலைத் திட்டங்கள் எந்தப் பெயரில் வந்தாலும் அவற்றில் தோட்டத்துக்குச் சரியாகப் பொருந்துவது குட்டை வெட்டும் வேலைதான். தினமும் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு அவற்றை நம்பக் கூடாது. நிதி தாமதமாகும், செடி காத்திருக்காது.

கடைசியாக வெளியூர் ஆட்கள். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2005-ல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் இன்று 2,000-க்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. அடுக்குமாடிகளுக்கு நடுவே கறிவேப்பிலையும் முருங்கையும் பார்த்துத் தமிழர்கள் பூரித்துப்போவது உண்டு. அங்கே அரசு நேராக வந்து தோட்டம் போட்டுக் கொடுப்பதில்லை. முதலில் குடியிருப்பாளர்கள் குழுவாகச் சேர வேண்டும், அந்தப் பகுதி அமைப்பின் ஒப்புதல் வேண்டும், அதன்பிறகே ஆலோசனை வரும். நம் ஊரில் வரிசை தலைகீழ். முதலில் நிதி வரும், அப்புறம் குழு சேர்க்கப்படும். மூன்று ஆண்டு நிதி என்றால் மூன்று ஆண்டு குழு.

தொண்டு நிறுவனமோ, கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியோ மலையேறி வந்தால் விரட்ட வேண்டியதில்லை. அவர்களிடம் ஒரு தடவை மட்டும் செய்ய வேண்டிய வேலையைக் கேட்கலாம்: தொட்டி, பம்பு, கம்பிவேலி, ஒரு மாவு அரவை இயந்திரம். ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலையை அவர்கள் சம்பளத்தில் ஒப்படைத்தால், அவர்கள் இறங்கும் நாளில் தோட்டமும் கூடவே இறங்கிவிடும். பெயர்ப் பலகை வைக்க ஆசைப்பட்டால் வைத்துக்கொள்ளட்டும். கொஞ்சம் பெரிதாக இருந்தால் பின்பக்கம் பாகல் கொடி ஏற்றலாம்.

எப்போது பேசுவது?

இத்தனை பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைப்பது எப்படி என்று மலைக்கத் தேவையில்லை. அதற்குச் சட்டமே நாள் குறித்து வைத்திருக்கிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்று ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்களைத் தமிழ்நாடு அரசு 2022-ல் ஆறாக உயர்த்தியது. புதிதாகச் சேர்ந்த இரண்டு நாள்களும் ஜவ்வாது மலைத் தோட்டத்துக்கென்றே பார்த்து வைத்ததுபோல் இருக்கின்றன.

ஒன்று, நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினம். ஆடியில் விதைத்த சாமை களத்துக்கு வரும் பருவம். மாட்டை அவிழ்த்து விடுவதற்கு முன்பு மேய்ச்சல் பற்றிப் பேசி, எந்தப் பக்கம் மாடு போகக் கூடாது, மீறினால் என்ன என்று தீர்மானம் எழுதச் சரியான நேரம். குத்தகை, பங்கு இரண்டையும் அதே நோட்டில் ஏற்றிவிடலாம்.

இன்னொன்று, மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். ஓடை வற்றத் தொடங்கியிருக்கும். தொட்டியடியில் குடங்கள் வரிசை கட்டியிருக்கும். அன்றைக்கு உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக் கை கழுவும் தண்ணீரில் ஆரம்பித்து, எது யாருக்கு என்று பேசலாம். கூட்டத்துக்கு வரும் அதிகாரிகளைத் தோட்டம் வரை நடத்திக் கூட்டிப்போனால், 53 குடத்தில் எத்தனை குடம் இன்னும் தலையில் வருகிறது என்பதை அவர்களும் எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.